சோளகம் விழுந்த பிறகு

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தாழ்வுபாட்டு மீனவக் கிராமத்தில் எந்தக் குற்றத்துக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டாலும், பூசையில் பாட்டுச் சுருதி தப்பினாலும் காற்றுத்தான் காரணம். காற்று மறுத்துப் பேசாது. அதுதான் அதிலுள்ள வசதி.

ஆகவே, கடலுக்குப் போக முடியாமல் கிடந்த றொட்னி நித்திரையில்லாமல் முற்றத்தை அளந்ததையும், சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பியதையும், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்றதையும் அவனுடைய தாய் றோசம்மா காற்றின் தலையிலேயே கட்டினாள்.

"கடலுக்கு இறங்காத ஆம்பிளை அப்பிடித்தான் பிள்ளை. சோளகம் விழுந்தாச் சரியாயிடுவான்," என்றாள் மருமகள் ஜெனிற்றாவிடம்.

ஜெனிற்றா நம்பினாள். காற்றை நிறுத்தச் சொல்லி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். காற்று அதையும் அணைத்தது.

ஒரு காலை காற்று விழுந்தது. கடல் எண்ணெய்போலக் கிடந்தது. ஊரே படகுகளைத் தள்ளியது. றொட்னி சவரம் செய்து, தேத்தண்ணி குடித்து, சிரிக்கவும் செய்தான்.

"நான் சொன்னனான் எல்லே?" என்றாள் றோசம்மா.

பிறகு அவன் தன் புது வலையைத் தூக்கி, ஜெனிற்றாவின் தம்பி ஜெகதீபனிடம் கொடுத்தான். "நீயே வைச்சிரு."

"அத்தான் திருந்திட்டார்!" ஜெகதீபன் வலையோடு பறந்தான், அத்தான் மனம் மாறுவதற்குள்.

ஜெனிற்றா கணவனைப் பார்த்தாள். கிழிசல் வலையைக்கூட இரவல் கொடுக்காத மனிதன். அவனைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ, சாகிற யோசனையோ?"

அவன் அடுப்பைப் பார்த்தான். "ஓம்."

"எப்பத்தொட்டு?"

"கனகாலம். காத்து விழுந்தாச் சரியாகும் எண்டுதான் நானும் இருந்தனான் ஜெனி. விழுந்திட்டுது. உள்ளுக்கை அப்பிடியே கிடக்கு."

அழ நேரமில்லை. ஆணியில் தொங்கிய ஸ்கூட்டித் திறப்பை எடுத்தாள். "வாங்கோ ஆசுப்பத்திரிக்கு. மனசு பாக்கிற டொக்டர் இருக்கிறார்."

வாசலில் றோசம்மா மறித்தாள். "என்ரை பிள்ளையை விசரன் எண்டு ஊர் சொல்லும்!"

"சொல்லட்டும் மாமி. கேக்கிறதுக்கு அவர் உயிரோடை இருக்கட்டும்."

மன்னார் றோட்டில் மணல் மூடிக் கிடந்தது. ஜெனிற்றா ஸ்கூட்டியை முறுக்கினாள். பின்னால் இருந்தவனின் கைகள் அவள் இடுப்பை இறுக்கின.

"மெல்லப் போடி, மணல் சறுக்கும். விழுந்திடுவம்."

சாக நினைத்தவனின் புத்திமதி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேகத்தைக் குறைத்தாள்.

"அப்ப இன்னும் இறுக்கிப் பிடியுங்கோ."