ரத்னாக்கா பெயரில் ஒரு அந்துப்பூச்சி

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் ரத்னாக்காவின் பெயரை ஒரு அந்துப்பூச்சிக்கு வைப்பதாகச் சொல்லியிருந்தேன். அவள் கடை பல்புக்கு வந்து ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்த பூச்சி அது. டப்பாவால் மூடிவைத்து, பெருங்குடியில் தனியறையில் இருந்து பூச்சி ஆராய்ச்சி செய்யும் எனக்கு போன் செய்தவள் அவள்தான்.

அந்தப் பேரினத்தில் இங்கே ஒரு சின்ன பழுப்புப் பூச்சியைத்தான் புத்தகங்கள் சொல்கின்றன. இது பெரியது, மஞ்சள். அதே பல்பில் இரண்டுமாக இருபத்திரண்டு பிடித்தோம். புது இனம் என்று கட்டுரையும் எழுதிவிட்டேன். அனுப்புவதுதான் பாக்கி. குப்பமே அவளை ‘பூச்சிக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

ஞாயிறு காலை, பூச்சிகளை ஊசியில் குத்திவைத்த பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“என் பேரு எதுக்கு நைனா?”

பெரியதைக் காட்டினேன். லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“சின்னதுக்கு மீசை சீப்பு மாரி கீது. பெருசுக்கு நூலு மாரி கீது. இன்னாத்துக்கு?”

“ஆணுக்குத்தான் சீப்புக்கா. பொட்டையோட வாசனைய அதுலதான் புடிக்கும்.”

“அப்ப சின்னதுல பொட்டை எது?”

தேடினேன். பதினாலும் சீப்பு.

“பெருசுல ஆம்பள?”

எட்டும் நூல்.

கூடையிலிருந்து இரண்டு நண்டை எடுத்துக் கவிழ்த்தாள். “இது நீலம், வவுத்து மூடி குறுகலு, ஆம்பள. இது பழுப்பு, மூடி அகலம், பொட்டை. நண்டு ஒண்ணுதான். நீ முதுக மட்டும் பாத்துக்கினு புருசன் பொண்டாட்டிய ரெண்டு ஜாதியா பிரிச்சி வெச்சிகீறியே!”

பூச்சியின் வயிற்று நுனியை அறுத்துப் பார்த்து ஆணா பெண்ணா, எந்த இனம் என்று முடிவுசெய்வதுதான் முறை. அழகு கெடும் என்று நான் விட்டிருந்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “அப்ப என் பேரு?”

“போச்சுக்கா.”

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த கோதண்டபாணி விடுவாரா? “இன்னா பூச்சிக்கா, பேரு பறந்துச்சா?”

“கம்னு கெட நீ.”

அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. “அப்படியே அனுப்பிடவாக்கா? யாரும் கவனிக்க மாட்டாங்க.”

“பொட்டை நண்ட ஆம்பளன்னு வித்தா மறுநாளு எவன் என்கிட்ட வருவான்? மாத்தி எழுது.”

முதல் மஞ்சள் பூச்சியின் ஊசியில் குத்தியிருந்த துண்டுச் சீட்டைக் காட்டினேன். ஊர், தேதி, அடியில் ‘பிடித்தவர்: ரத்னா’.

“இந்த இனத்துல பொட்டை எப்படி இருக்கும்னு இதுவரைக்கும் யாரும் எழுதலக்கா. முதல்ல புடிச்சது நீதான். சீட்டு பூச்சியோடவே இருக்கும்.”

“இம்மாம் பொடிசா எழுதிகீற?”

“லென்ஸ் வெச்சா தெரியும்.”

“யோவ் கோதண்டம், வாய்யா இங்க! வந்து படி!”

லென்ஸ் எனக்குத் திரும்பக் கிடைத்தது சாயங்காலம்தான், மீன் செதில் ஒட்டியபடி.