தலை மட்டும் வாசித்த செய்தி

பனியன் கம்பெனி முதலாளி சிவராஜுக்கு டி.வி. சேனல் ஆசை வந்தது. 'தேசத் திரை' என்று பெயர் வைத்தார். வேலம்பாளையத்தில் நாலு தெருவுக்குக் கேபிளில் தெரியும். மிச்ச தேசத்துக்கு யூடியூப் இருக்கிறது. டில்லிக்காரர்கள் செய்வதை நாம் செய்யக் கூடாதா என்பது அவர் கேள்வி. கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

செய்தி வாசிக்கத் தேர்வானவள் செக்கிங் பிரிவு வேல்விழி. பனியனைப் புரட்டி ஓட்டை தேடிக்கொண்டே, "வணக்கம், தலைப்புச் செய்திகள்" என்று பழகினாள். பக்கத்து மேசை மூக்கம்மாள் சும்மா விடவில்லை.

"ஏட்டி, நாடாளுமன்றம் கெடக்கட்டும். மழ உண்டுமா, அதச் சொல்லு. கொடியில துணி கெடக்கு."

"அது கடைசியிலதான்க்கா வரும்."

திறப்பு விழா நெருங்கியதும் முதலாளி வேல்விழியைக் கூப்பிட்டார்.

"கண்ணு, மொதல் செய்திய நானே வாசிச்சர்றேன். தேசமே பாக்குதல்லோ? நீ அப்பறமா வாசிச்சுக்க."

அந்த அப்புறம் வராது என்று அவளுக்குத் தெரியும். கேன்டீனுக்கு மின்விசிறியும் அந்த அப்புறத்தில்தான் இருக்கிறது.

ஸ்டூடியோவின் பின்சுவரில் பச்சைத் துணி கட்டினால், பச்சை இருக்கும் இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் செங்கோட்டையைக் காட்டும் என்று கேபிள்காரர் நஸ்ருதீன் சொல்லியிருந்தார். முதலாளி தன் சாயப்பட்டறையிலேயே துணியைத் தயார் செய்தார். மிஞ்சிய துணியில் தனக்கும் விருந்தினருக்கும் சட்டை, ஊழியர்களுக்குக் கோட்டு. வேல்விழிக்கு மட்டும் துணி பற்றவில்லையாம். அன்று அவள் மேசையில் தலைப்புச் செய்திகள் இல்லை.

"முதலாளி, அதே பச்சையில சட்டை போட்டா..." என்று நஸ்ருதீன் ஆரம்பித்தார்.

"ஷேடு மாறும்னு பயப்படறீங்களா பாய்? எல்லாம் ஒரே லாட்டுங்க. துளி வித்தியாசம் காட்டுங்க பாக்கலாம்!"

வித்தியாசம் இல்லாததுதான் நஸ்ருதீனின் கவலை. சொல்ல விட்டால்தானே.

விழாவன்று வேல்விழி அரக்குச் சேலையில் கதவோரம் நின்றாள். முதலாளி கேமரா முன் உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், கேமராவில் படாத உயரத்தில் மாட்டியிருந்த டி.வி.யில் செங்கோட்டை வந்தது. அதன் நடுவில் முதலாளியின் தலை வந்தது. தலையோடு சரி. மோதிரம் போட்ட இரண்டு கைகள் தனியாகப் பறந்தன.

"இந்தத் தேசத்தின் முதுகெலும்பு வேலம்பாளையம்!" என்றது தலை.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு முதலாளி குரலை உயர்த்தினார். அதற்குள் நேரலையில் முதல் போன். பேசியது அவர் மனைவி.

"ஏனுங்க, உங்க தலை மட்டும் கோட்டையில சுத்துதுங்க. ஒடம்ப எங்கீங்க வெச்சீங்க?"

திரும்பிப் பார்த்தார். பார்த்த தலை வெளிறியது.

"ஆராச்சும் வேற சட்டை குடுங்கப்பா!"

பச்சைச் சட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"சட்டையக் கழட்டிருங்க முதலாளி, உள்ள நம்ம பனியன்தானே?" என்றார் நஸ்ருதீன்.

முதலாளி காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்தது வெளிநாட்டுக் கம்பெனிப் பனியன்.

அந்த அறையில் உடம்போடு தெரியக்கூடியவள் ஒருத்திதான்.

"கண்ணு... நீயே வாசிச்சிரு."

வேல்விழி அசையவில்லை. "நாளைக்கும் நாந்தான வாசிக்கணும், முதலாளி?"

நாலு தெருவும் பார்த்திருக்க, செங்கோட்டையில் தலை ஆடியது. ஆமாம் என்றுதான்.

அவள் உட்கார்ந்தாள். அந்தரத்திலிருந்து ஒரு கை தாளை நீட்டிவிட்டு மறைந்தது. வேல்விழி முழு ஆளாய், தடங்கலின்றி வாசித்தாள். இடையிடையே யூடியூபில் பார்த்துவிட்டு பாட்னாவிலிருந்தும் கட்டாக்கிலிருந்தும் போன்கள். அந்தத் தலைக்காரர் மறுபடி எப்போது வருவார் என்று இந்தியில் கேட்டார்கள். 'தேசத் திரை' நிஜமாகவே தேசத்தைத் தொட்டுவிட்டது.

"நிறைவாக வானிலை. வேலம்பாளையத்தில் மாலை மழைக்கு வாய்ப்பு உள்ளது." தாளைக் கீழே வைத்து கேமராவை நேராகப் பார்த்தாள். "மூக்கம்மாக்கா, கொடியில கெடக்கத எடுத்துருங்க."

பச்சைக் கோட்டோடு உட்கார்ந்திருந்த மூக்கம்மாள் பதறி எழுந்து கேமராவுக்குக் குறுக்கே ஓடினாள். கொண்டை போட்ட தலை ஒன்று செங்கோட்டையை வேகமாகக் கடந்து போவதைத் தேசம் பார்த்தது.