சுஜீவாவின் ரிக்கற்

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து தொடங்கியது. ஜேர்மனியின் கொலோன் அரங்கில், பொப் பங்க் கச்சேரியில், நான் வாயைப் பிளந்து பாடுகிற படம். பக்கத்தில் என் மச்சான் வினோஜன், காதைப் பொத்தியபடி. அவன் நின்ற இடம் என் சிநேகிதி சுஜீவாவுடையது. அதை வாட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டவளும் நானே. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2

முதல் வரி, மூன்றாம் தடவை:

"விளக்குகள் அணைந்தபோது பன்னிரண்டாயிரம் பேர்" (வேண்டாம். கூட்டத்துக்குள் ஒளியப் பார்க்கிறேன்.)

"சுஜீவாவின் அம்மா இறந்த பத்தொன்பதாம் நாள்" (இதுதான். கச்சேரி நாள்.)

சுஜீவாவும் நானும் வுப்பர்டாலில் ஒரே வகுப்பு. பதினான்கு வயதில் ஒரு சோடி இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகி அந்தப் பொப் பங்க் குழுவைக் கேட்டோம். அப்போது கச்சேரிக்கு வீட்டில் விடவில்லை. முப்பத்தினாலு வயதில், அவர்களின் கடைசிச் சுற்றுப்பயணம் என்றதும், இரண்டு ரிக்கற் எடுத்தோம். இரண்டும் என் போனில் இருந்தன. பிறகு அவளுடைய அம்மாவுக்கு வருத்தம் முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

[குறிப்பு: முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலுக்கே போகக்கூடாதவளைக் கச்சேரிக்குக் கூப்பிடுவதா? நான் கேட்கவில்லை. அவளுடைய ரிக்கற்றை வினோஜனுக்குக் கொடுத்தேன்.]

3

இந்தக் கம்சனா என்கிற பாத்திரத்தில், அதாவது என்னில், எனக்கு நம்பிக்கையில்லை. துடக்குப் பார்க்கிற ஆளா இவள்? செத்தவீட்டால் வந்து தலை முழுகாமல் வேலைக்குப் போனவள். உண்மையில் இவள் நினைத்தது: சுஜீவா வந்தால் அழுவாள், தேற்றிக்கொண்டு நிற்க வேண்டும், என் இருபது வருட ஆசை

(இந்த வாக்கியத்தை நாலு நாள் அப்படியே விட்டிருந்தேன்.)

பாழாய்ப்போகும்.

4

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். சோபாவில் குழுவின் கறுப்பு ரீசேர்ட், இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி மடித்தபடி.

"நீ கூப்பிடுவாய் எண்டு நேற்று ஆறு மணி மட்டும் வெளிக்கிட்டு இருந்தனான். பிறகுதான் உன்ர ஸ்ரேற்றஸைப் பாத்தன்" என்றாள்.

"துடக்கெண்டு நினைச்சன்..."

"அம்மா ஆஸ்பத்திரியில வைச்சே சொன்னவா, எனக்கு என்ன நடந்தாலும் நீ கம்சனாவோட போ எண்டு. பெரியம்மாவோட சண்டை பிடிச்சு அவவையும் ஓம் எண்டு சொல்ல வைச்சனான். நீ ஒரு வார்த்தை கேட்டனியே?"

"நீ ஒரு கோல் எடுத்திருக்கலாமே?"

"அம்மாவைப் பறிகுடுத்திட்டு இருக்கிறவள் என்னெண்டடி கேக்கிறது, கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டு?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொன்னேன், கட்டிப்பிடித்து அழுதோம். (பச்சைப் பொய்.)

முடிவு இரண்டு: அடுத்த கச்சேரிக்கு இருவரும் போனோம். (கடைசிச் சுற்று என்று நானே எழுதிவிட்டேன்.)

நடந்தது இதுதான். தேத்தண்ணி குடித்தேன். "துடக்கெண்டுதானடி கேக்கேல்லை" என்று திரும்பவும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி, விடு. நீ எனக்காகத்தானே யோசிச்சனி" என்றாள். நம்பிவிட்டாள், பாவி.

நாளைக்கு அந்தியேட்டி. சமையலுக்கு நேரத்தோடு வரச் சொல்லியிருக்கிறாள், "எனக்கு வேற ஆர் இருக்கினம்" என்று. நான் எழுதுகிற எல்லாவற்றையும் முதலில் வாசிப்பவளும் அவளே. இதையும் கேட்டிருக்கிறாள்.

மூன்றாம் பகுதியையும் இந்தப் பகுதியையும் வெட்டினாலும் கதை நிற்கும், வெட்டிப் பார்த்தேன். வெட்டி அனுப்பவோ, அப்படியே அனுப்பவோ? நீங்களே சொல்லுங்கோ. இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.