திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மூச்சு

…இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், நாளை என்றால் பிந்திவிடும், நாளைக் காலை முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனதும் பொறுப்பாளர் கியர்ஸ்டன் கேட்பாள், ஓமா இல்லையா என்று, அதற்கு மேல் அந்த அறையை வைத்திருக்க முடியாது என்று இன்றே சொல்லிவிட்டாள், சொல்லும்போது தோளில் கை வைத்தாள், பொறுப்பாளர்கள் தோளில் கை வைத்தால் அது நல்ல சேதியாக இருப்பதில்லை… தங்கமலர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சன்னலோரக் கதிரையில் இருந்தாள். விளக்குப் போடவில்லை. டென்மார்க்கின் அந்தச் சின்ன நகரம், கிரின்ஸ்டெட், மத்தியானம் தாண்டியதுமே கறுக்கத் தொடங்கியிருந்தது. எதிரே சோபாவில் அவள் கணவர் பாலேந்திரா, நீரிழிவு அவர் கண்களை எடுத்து இரண்டு வருடம், மடியில் போர்வை, பக்கத்தில் மகள் வாங்கிக் கொடுத்த ஒலிபெருக்கி, அதற்குள் மழை பெய்துகொண்டிருந்தது. நாடக மழை. அவள் உள்ளே வந்தது அவருக்குத் தெரியாது. தெரியாதபடிதான் வந்தாள், திறப்பை மெல்லத் திருப்பி, சப்பாத்தை வாசலில் கழற்றி, பாதத்தை முழுதாக ஊன்றாமல், சொந்த வீட்டுக்குள் கள்ளியைப் போல. இலை கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான்.

அரை மணி நேரம். அவள் எடுப்பது அவ்வளவுதான். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், கதவைத் திறந்து படாரென்று சாத்தி, திறப்புக் கோர்வையைக் குலுக்கி, "நான் வந்திட்டன்" என்பாள், அவர் "வந்திட்டீரோ மலர், இண்டைக்கும் சுணங்கிப்போச்சு, கிழவனொருத்தனும் உம்மை விடமாட்டானாமோ" என்பார், சிரிப்பார், அதற்குப் பிறகு வீடு தொடங்கும். முதல் நாள் நினைத்துச் செய்தாளா? இல்லை. நாடகம் உச்சத்தில் இருந்தது, குழப்ப வேண்டாம் என்று பேசாமல் இருந்தாள், நாடகம் முடிந்த பிறகும் வாய் திறக்கவில்லை, ஏன்? கால் களைக்கும், முதுகு களைக்கும், வாய் களைக்குமா? முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித்தான் ஓர் உடம்பைத் தொட வேண்டும், இப்போது கையைத் தூக்குகிறேன், இப்போது வலப்பக்கம் திருப்புகிறேன், இப்போது தண்ணீர் வரும், இளஞ்சூடு… எல்லாம் டேனிஷில், சிரித்த முகத்தோடு. வீட்டுக்கு வந்தால் அதே வேலை தமிழில். இஞ்சாருங்கோ, பிளேன்ரீ, வலக்கைப் பக்கம் வைக்கிறன், சுடும், காலுக்குக் கிட்ட வாளி, கவனம். முன்பு அவருக்குக் கண் இருந்தபோது இருவரும் பேசாமலே எத்தனை மாலைகள் இருந்திருப்பார்கள். இப்போது அவள் பேசாவிட்டால் அவள் இல்லை. பேசாமல், இல்லாமல், ஒரு அரை மணி… அது பாவமா?

"லலிதா, ஏன் மெழுகுவர்த்தியோடு மாடிப்படியில் நிற்கிறாய்?" ஒலிபெருக்கியில் டொக்டரின் குரல், பூட்ஸ் சத்தம், இடி. பழைய வெள்ளைக்காரத் திகில் படமொன்றை எப்போதோ வானொலிக்காக நாடகமாக்கி, ஆட்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, பங்களாவை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இப்படி ஒரு கோர்வை நாடகங்களை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள், எல்லாம் படமாக இருந்தவை, எல்லாவற்றிலும் மழை, எல்லாவற்றிலும் ஒரு கதவு கிறீச்சிடும். பாலேந்திராவுக்கு எல்லாம் பாடம், யார் கொலைகாரன் என்று தெரிந்துகொண்டே கேட்பார். கலியாணம் கட்டிய புதிதில், வைலே நகரில் ஒற்றை அறையில் இருந்தபோது, கசெற்றில் இதே நாடகத்தைப் போட்டுச் சிரித்திருக்கிறார், "மெழுகுதிரியோட நிக்கிறது அவளுக்குத் தெரியாதோ? எங்களுக்கெல்லோ சொல்லுறான், எங்களுக்கு!" அவளுக்கு அன்றைக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் இந்த இடம் விளங்கியது. டொக்டரின் மனைவி திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற இடம். படத்தில் பார்க்கிறவனுக்கு அவள் நிற்பது தெரியும், டொக்டருக்கு மட்டும் தெரியாது, திகில் அங்கேதான். வானொலியில் பேசாமல் நிற்கிறவளை என்ன செய்வது? "மூச்சு விடப்பண்ணினாங்கள் மலர். எல்லாரின்ர குரலும் தூரத்தில, அவளின்ர மூச்சு மட்டும் எங்கட காதுக்குள்ள. என்ன மூளை பாத்தீரோ?" இதோ வருகிறது. பூட்ஸ் நின்றது. மழை தணிந்தது. மூச்சு. ஒரு பெண்ணின் மூச்சு, அறை முழுக்க, சன்னலோரம் வரைக்கும். தங்கமலர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பிடிக்க வேண்டிய தேவை என்ன, அவள் நாடகத்தில் இல்லையே. பாலேந்திரா ஒலிபெருக்கியின் பக்கம் தலையைச் சரித்தார். "அடி விசரி, மூச்சைப் பிடியடி," என்றார், மெல்ல, கிட்டத்தட்ட அன்பாக, "அவனுக்குக் கேக்கப்போகுது."

சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது? இஞ்சாருங்கோ, தோட்டப் பக்க அறை வெறுமையாய்ப் போச்சு. அவ்வளவு போதும், மிச்சம் அவருக்கு விளங்கும். அந்த அறையில் இருந்தவர் ஞாயிற்றுக்கிழமை போனார், அவள்தான் கழுவினாள், கழுவும்போதும் சொல்லிக்கொண்டே கழுவினாள், இப்போது முகம், இப்போது கழுத்து, செத்தவருக்கு எதற்கு என்று நிறுத்தத் தோன்றவில்லை. பிறகு இங்கத்தை வழக்கப்படி சன்னலைத் திறந்துவிட்டாள், உயிர் வெளியே போகட்டும் என்று. அதே சன்னலை நேற்று அவளே சாத்தினாள், அடுத்தவர் வருவதற்காக. அடுத்தவர் இவர். கண்ணில்லாதவருக்குத் தோட்டப் பக்கம். மற்றவர்களுக்குப் போலவே இவருக்கும் உருளைக்கிழங்கும் பழுப்புக் குழம்பும், அவள் வேலையில் நிற்கிற நாட்களில் மட்டும் தமிழ். போன மாதம் கொம்யூனிலிருந்து, நகரசபையிலிருந்து, ஒரு பெண் வந்து இதே கதிரையில் இருந்து, இல்லத்துக்குப் போக விருப்பமா என்று கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டு "மோஸ்கே" என்றார், இருக்கலாம் என்று, அவள் போன பிறகு "கொம்யூன்காரியிட்டை இல்லையெண்டு சொல்லப்படாது, ஓமெண்டும் சொல்லப்படாது" என்றார். விழுந்ததைப் பற்றித் தங்கமலர் சொன்னாள், குளியலறையில் விழுந்து கிடந்தவரைத் தூக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டதைச் சொன்னாள், தன் முதுகைச் சொன்னாள். அந்தப் பெண் எழுதினாள், ஆனால் முகம் மாறவில்லை, இந்தக் கதை தினம் கேட்கிற கதை. வாசல்வரை கூடப்போனபோதுதான், குரலைத் தாழ்த்தி, தங்கமலர் அதையும் சொன்னாள். குழாயைத் திறந்தபடி விடுகிறார். நிறைய நேரம் தண்ணீர் ஓடும். முன்பு இல்லை, இப்போதுதான், இலையுதிர் காலத்திலிருந்து. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். மறதி நோயா? இருக்கலாம், என்றாள் தங்கமலர். அதன் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. பொய்யா சொன்னாள்? தண்ணீர் ஓடுவது உண்மைதானே. இந்தக் கதிரையில் இருந்தபடி எத்தனை நாள் கேட்டிருக்கிறாள்.

ஃபோன் அடித்தது. நாடகத்திலா வீட்டிலா என்று ஒரு கணம் தெரியவில்லை. பாலேந்திரா நாடகத்தை நிறுத்தி, தடவி எடுத்தார். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து மகள் நிறோஷினி, அவளுடைய குரல் ஒலிபெருக்கியிலேயே வந்து கூடத்தை நிறைத்தது.

"ஹை அப்பா. அம்மா வந்திட்டாவோ?"

"இல்லைப் பிள்ளை. இன்னும் வரேல்லை."

தங்கமலரின் விரல் கோட்டுப் பொத்தானில் நின்றது.

"அம்மா உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை? அறை கிடைச்சிட்டுதோ?"

நிறோஷினி டேனிஷில் தொடங்கினாள், கஷ்டமான கதை என்றால் அவளுக்கு டேனிஷ்தான் வரும், அம்மா தனியே எவ்வளவு காலம் தூக்குவா, அது நல்ல இடம், அம்மாவும் அங்கேதானே, தினம் காணலாம்…

"சரி சரி," என்றார் பாலேந்திரா. "நான் கேட்டனெண்டு அம்மாவுக்குச் சொல்லாதை. அவ பாவம், சொல்ல நேரம் பாக்கிறா."

"நீங்கள் ஓகேயோ அப்பா?"

"எனக்கென்ன குறை? மழை பெய்யுது, பெரிய பங்களா, கூட ஒரு கொலைகாரன். உங்கட அல்பர்ட்ஸ்லுண்டில இந்த வசதி இருக்கோ?"

நிறோஷினி சிரித்தாள், சிரிப்பின் நுனி உடைந்தது, ஹை ஹை அப்பா என்று வைத்துவிட்டாள்.

அப்படியானால் தெரியும். சொல்ல வேண்டியதில்லை, சொல்லியாயிற்று, அவள் வாயால் அல்ல, அவ்வளவுதான். ஆறுதலாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை? இப்போது என்ன செய்வார், அவள் பார்த்தாள், இப்போது முகம் சுருங்கும், இப்போது போர்வையை எறிவார், அவளை ஏசுவார், கேட்க ஆளில்லாத வீடுதானே. பாலேந்திரா போர்வையை மடித்தார். விளிம்போடு விளிம்பு வைத்து மடித்தார். "இப்ப எழும்புறன்," என்றார். வழக்கமாகச் சொல்வதுதான், நாடகம் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் என்று விட்டிருந்தாள். "இப்ப மேசையைப் பிடிக்கிறன். இப்ப குளியலறைக்குப் போறன்." கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். அவள் கால்களை நீட்டி இருந்தாள், இழுத்துக்கொள்ள நேரமில்லை, இழுத்தால் சத்தம் கேட்கும். கோல் அவள் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நின்று, வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. அங்கே சுற்றிப் போக ஒன்றுமில்லை, அவளைத் தவிர.

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள். குழாய், முழுவதுமாகத் திறந்த குழாய்.

இல்லத்தின் நடையில் மெத்தென்ற சப்பாத்தோடு நடக்கிறவள் அவள், தனியே இருக்கிற மனிதர் எப்படி இருப்பார் என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டவள். முணுமுணுப்பார்கள், ஏசுவார்கள், செத்துப்போன பெண்சாதியோடு சண்டை பிடிப்பார்கள், காற்று விடுவார்கள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அழுவார்கள். உள்ளே போனால் நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். இவர்? இத்தனை நாளில் இந்தக் கூடத்தில் ஒரு பெருமூச்சு? ஒரு கெட்ட வார்த்தை? இல்லை. ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்திருக்கிறார், மடித்த போர்வையும் பகிடியுமாக, தினம் தினம். அவள் தனக்கென்று எடுத்துக்கொண்ட அரை மணி யாருடையது? வேலை முடிந்து அவள் வருகிறவரைக்கும் பகல் முழுக்கத் தனியேதான் இருக்கிறார், அப்போது அழலாமே… அப்போது அவள் இல்லாதது அவருக்கு எப்படித் தெரியும்? பேசாமல் இருக்கிறவளும் இல்லாதவளும் அவருக்கு ஒன்றுதானே, அப்படி ஆக்கியது யார்? குழாய் எப்போது தொடங்கியது, இலை கொட்டத் தொடங்கியபோது. மறதியா என்று அந்தப் பெண் கேட்டாள். இருக்கலாம் என்றாள் இவள்.

எழுந்து போய்க் குளியலறைக் கதவில் காதை வைத்தாள். தண்ணீர். தண்ணீருக்குப் பின்னால் அழுகை ஏதாவது கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்தாள். தண்ணீர்தான். இப்போது வாசலுக்குப் போய்க் கதவைப் படாரென்று சாத்தி, நான் வந்திட்டன் என்று சொன்னால் நிற்கும், முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார், சுணங்கிப்போச்சு என்பார். கியர்ஸ்டனுக்கு இல்லை என்று சொல்லலாம், கொம்யூனுக்குப் போய் அது மறதி இல்லை என்று சொல்லலாம், பின்னே என்ன என்று கேட்டால்? முதுகு நாளைக்கும் இதே முதுகுதான். அங்கே போனால் அவருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவாவது இருக்கும், தனி அறை, கூடத்தில் ஒருத்தியும் ஒளிந்திருக்க மாட்டாள், வெளியே நடையில் அவளுடைய மெத்தென்ற சப்பாத்து மட்டும்…

அங்கேயும் அவர் குழாயைத் திறப்பார்.