தூங்குமூஞ்சியின் இடது இறக்கை

விரல் உள்ளே போய்விட்டது.

மெல்லத்தான் வைத்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற அழுத்தம்கூட இல்லை. ஆனாலும் ஒரு போரையும் அதற்குப் பிறகு இத்தனை காலக் கடலையும் தாங்கிய அலுமினியத் தகடு, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி விட்டுக்கொடுத்தது. ஆள்காட்டி விரல், முதல் கணு வரை, விமானத்தின் இடது இறக்கைக்குள்.

அண்ணி மூச்சுவிட மறந்தாள். கடலுக்கு அடியில் செய்யவே கூடாத காரியம் அது.

விரலை உருவினாள். ஓட்டையிலிருந்து வெள்ளைப் பொடி புகைபோல எழுந்து கலைந்தது. விமானத்தின் மூக்குப் பக்கம் மிதந்துகொண்டிருந்த விளக்கு இவள் பக்கம் திரும்பியது. கொழுந்தன். முங்குகிறவர்களைப் படகில் கூட்டிவந்து கூட்டிப்போவது அவன் தொழில். சிலிண்டரில் இருக்கும் காற்றை அவ்வளவு சிக்கனமாகச் செலவழிப்பான் என்பதால் துறைமுகம் முழுக்க அவனுக்குக் 'குமிழி' என்று பெயர். குமிழியே விடாதவனுக்குக் குமிழி. துறைமுகத்து நியாயம் அப்படி.

வெளிச்சம் வந்து சேர்வதற்குள் ஓட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

அவன் விரல்களை வளையமாக்கிக் காட்டினான். எல்லாம் சரியா?

அவளும் மற்ற கையால் வளையம் காட்டினாள். எல்லாம் சரி.

தண்ணீருக்கு அடியில் பொய் சொல்வது சுலபம். குரல் நடுங்காது.

படகில் ஏறி, முதுகுச் சுமையை இறக்கி, அவள் தலையைத் துவட்டக்கூட இல்லை. குமிழி ஆரம்பித்துவிட்டான்.

"என்ன அண்ணி, தூங்குமூஞ்சி எப்படி இருக்கான்?"

தூங்குமூஞ்சி என்பது விமானம். பெயர் வைத்தவர் அவள் கணவர், குமிழியின் அண்ணன். அறுந்துபோன நங்கூரத்தைத் தேடி முங்கியவர், மணலில் வயிறு பதித்துத் தூங்கிக்கொண்டிருந்த போர் விமானத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். நங்கூரத்தை மறந்தே போனார். விமானத்தின் கண்ணாடிக் கூரை திறந்திருந்தது. இருக்கை காலி. பெல்ட்டின் கொக்கி கழன்று கிடந்தது. 'ஆள் தப்பிச்சுட்டான். எழுந்து, இதோ இங்க காலை வச்சு, இறங்கிப் போயிட்டான்' என்பது கடைசிவரை அவர் கட்சி.

இதோ இங்கே என்று அவர் சொன்ன இடத்தில், இடது இறக்கை உடம்போடு சேரும் மூலையில், வேற்று மொழியில் நாலு சிவப்பு எழுத்துகள். 'இங்கே மிதி' என்று அர்த்தம். முங்கும்போதெல்லாம் அந்த எழுத்துகள் மேல் படிந்திருப்பதைக் கையுறையால் துடைத்துவிட்டுத்தான் மேலே வருவார். நண்பன் வீட்டுப் பெயர்ப்பலகையைத் துடைப்பது மாதிரி. அவர் நெஞ்சு ஒரு சாதாரண நாளில், சாதாரணமாக நின்றுபோனது. அதற்குப் பிறகு தம்பி துடைக்கிறான். வாராவாரம். கூட ஆள் வந்தாலும் வராவிட்டாலும்.

"உங்களைத்தான் கேக்குறேன். நல்லாதானே இருக்கான்?"

"அளவெல்லாம் இன்னும் சரிபார்க்கணும் தம்பி."

"என்ன பெரிய அளவு! நாளைக்கு சாயங்காலம் கூட்டத்துல எழுந்து, 'ஆள் நல்லா இருக்கான், தூக்காதீங்க'ன்னு ஒரே வரி. மியூசியம் கப்சிப். துரு டாக்டர் சொன்னா மறுபேச்சு ஏது?"

துரு டாக்டர் என்பது மியூசியத்தில் அவள் பெயர். கடலும் மண்ணும் தின்ற உலோகத்துக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பது அவள் வேலை. விமானத்தை வெளியே தூக்கி மண்டபத்தில் வைப்பதா, கிடக்கிற இடத்திலேயே விடுவதா? நாளைக் கூட்டத்தில் முடிவு. அந்த முடிவு அவள் வாயில்.

குமிழி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"சட்டை துவைச்சாச்சு. வண்டியை வித்தாச்சு. வீட்டுக்கே வெள்ளையடிச்சாச்சு. அண்ணன் கை பட்ட இடம்னு எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம் அண்ணி. அதை விட்டுடாதீங்க."

அவளுக்கு விரல் நுனி எரிந்தது.

அன்று மாலை அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். விமானம் முழுக்கக் கருவியை வைத்து எடுத்த தடிமன். சிப்பியும் பாசியும் கல்லாக இறுகி மூடிய இடங்களில் தகடு கெட்டி. வால் கெட்டி. வலது இறக்கை கெட்டி. இடது மூலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காகிதம்.

ஏன் அங்கே மட்டும்? துரு டாக்டருக்குப் பதில் உடனே தெரிந்துவிட்டது. அண்ணிக்குத்தான் ஏற்றுக்கொள்ள நேரமாயிற்று.

மறைக்கலாம். அந்த ஒரு மூலையை விட்டுவிட்டால் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அவன் மறுபடி போவான். மறுபடி துடைப்பான். அவன் விரலும் அந்த ஓட்டைக்குள் போகும். தன்னந்தனியாக, அத்தனை ஆழத்தில், அவனே கண்டுபிடிப்பான்.

வேண்டாம். கரையில், பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது தெரியட்டும்.

காலையில் பிளாஸ்க்கில் டீயோடு படகுத்துறைக்குப் போனாள். படகைக் கரையேற்றி, அதன் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான் குமிழி. ஸ்பேனர் சத்தமும் வசவும் மாறி மாறி வந்தன.

"யாரை இந்தத் திட்டு திட்டுற?"

"இந்த ஜிங்க் கட்டியைத்தான். போன வருஷம் செங்கல் மாதிரி மாட்டினேன். இப்ப பாருங்க, சூப்பிப் போட்ட மாங்கொட்டை!" வெளியே எறிந்தான். "கடல் படகைத் திங்காம இதைத் திங்குது. சரியான பலியாடு."

அவள் அதைக் குனிந்து எடுத்தாள். ஓட்டையும் சொத்தையுமாக, சாம்பல் நிறத்தில், கையில் கனமே இல்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"குப்பையை எதுக்கு எடுக்குறீங்க?"

"இருக்கட்டும். வெளிய வா, டீ ஆறுது." அவன் வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "சின்ன வயசுல முட்டியைப் பேத்துக்கிட்டா என்ன பண்ணுவ?"

"ஊதுவேன். அம்மா வந்து அடிப்பாங்க."

"பொருக்கு தட்டினா?"

"பிய்ப்பேன். அதுக்குத் தனியா அடி." டம்ளரைப் பாதியில் நிறுத்தினான். "அண்ணி, நீங்க சுத்தி வளைச்சா எங்கயோ இடி விழப்போகுதுன்னு அர்த்தம். நேரா சொல்லுங்க."

சொன்னாள். விரல் போனது, உள்ளங்கையால் மூடியது, காட்டிய பொய் வளையம் எல்லாம். கடைசியாக அதையும் சொன்னாள்.

"அது மேல படியுறது அழுக்கு இல்ல தம்பி. பொருக்கு. உப்புத்தண்ணி தகட்டைத் தொடாம அதுதான் காபந்து பண்ணும். நாம வாராவாரம் பிய்ச்சுட்டே இருந்திருக்கோம்."

குமிழி தன் கைகளைப் பார்த்தான். கிரீஸ் படிந்த, பெரிய, ஒழுங்காகத் துடைக்கத் தெரிந்த கைகள்.

"அண்ணனுமா?"

"அவர்தான் ஆரம்பிச்சார். கல்யாணமான புதுசுல என்னையும் கூட்டிட்டுப் போய்த் துடைக்க வச்சார். நானும் சிரிச்சுக்கிட்டே துடைச்சேன். அப்ப எனக்கு இந்த வைத்தியம் எதுவும் தெரியாது."

அலை வந்து கரையின் கற்களில் மோதிப் போனது.

"ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க."

"இருந்திருக்கலாம். நீ துடைச்சுட்டே இருந்திருப்ப."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். டீ அப்படியே ஆறியது.

சாயங்காலம் மியூசியக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்து, ஜன்னல் திட்டிலும் ஆள். குமிழி கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். இயக்குநர் முதலில் பேசினார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற நல்ல மனிதர்.

"எத்தனை பேரால அவ்வளவு ஆழம் முங்க முடியும்? என்னால முடியாது. முழங்கால் விடாது. சக்கர நாற்காலியில வர்ற ஒரு குழந்தை அந்த விமானத்தைப் பார்க்க வேண்டாமா? முங்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் சொந்தமா அது?"

கைதட்டல். நியாயமான கேள்விதான். அண்ணியே மனத்துக்குள் ஒரு தட்டு தட்டினாள்.

அவள் முறை வந்தது.

"மேல தூக்கினா கதை முடியாது, ஆரம்பிக்கும். உலோகத்துக்குள்ள போன உப்பு வெளிய வர, வருஷக்கணக்கா அதைத் தொட்டியில ஊறப்போடணும். விமானம் முழுசாப் படுக்குற தொட்டி நம்மகிட்ட இல்ல. ஊறப்போடாம மண்டபத்துல நிறுத்தினா ரெண்டே மழைக்காலம். அப்புறம் கூட்டி அள்ளலாம்."

"விட்டா மட்டும் நூறு வருஷம் வாழுமா?" ஜன்னல் திட்டிலிருந்து ஒரு குரல். "கையை வச்சா ஓட்டை விழுதுன்னு நீங்களே படம் காட்டுறீங்க!"

திரையில் ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. படத்தை மறைக்கவில்லை அவள்.

"அந்த ஒரு இடத்துலதான். மத்த இடமெல்லாம் கெட்டி."

இயக்குநர் நிமிர்ந்தார். "அங்க மட்டும் ஏன் அப்படி?"

'மனிதக் கை பட்டதால்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட நினைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்தான் சார்." குமிழி நின்றுகொண்டிருந்தான். "வாராவாரம் துடைச்சேன். எனக்கு முன்னாடி எங்க அண்ணன். அழுக்குன்னு நினைச்சோம்." திரையில் தெரிந்த ஓட்டையைப் பார்த்தான். "தூக்கிடுங்க சார். கொஞ்ச நாள் இருந்தாலும் கண்ணாடிக்குப் பின்னால இருக்கட்டும். எங்க கையில இருந்து காப்பாத்துங்க."

அண்ணியின் குரல் வீட்டில் அதட்டுகிற அதே சுருதியில் வந்தது.

"தம்பி, உட்காரு. நான் இன்னும் முடிக்கல."

யாரோ சிரித்தார்கள். அவன் பட்டென்று உட்கார்ந்ததும் எல்லோருமே சிரித்தார்கள்.

கைப்பையைத் திறந்து, அந்த மாங்கொட்டையை மேசைமேல் வைத்தாள்.

"இது என்னன்னு படகு வச்சிருக்குறவங்களுக்குத் தெரியும். கடல் படகைத் திங்காம இருக்க மாட்டுற ஜிங்க் கட்டி. தூங்குமூஞ்சிக்கும் இதையே மாட்டலாம். தகட்டுக்குப் பதிலா இது கரையும். கரைஞ்சதும் யாராவது போய்ப் புதுசு மாட்டணும். யாரும் இறக்கையைத் தொடக் கூடாது. பொருக்கு தன்னால தட்டும். முங்க முடியாதவங்களுக்காகக் கேமராவைக் கீழ கொண்டுபோய், படத்தை இந்தக் கூடத்துல முழுச் சுவருக்கும் ஓட்டுவோம்."

"உத்தரவாதம் தருவீங்களா?" என்றார் இயக்குநர்.

"மாட்டேன் சார். என்னைக்காவது ஒருநாள் போகத்தான் போகும். நம்மளால ஆகுறது, அந்த நாளைத் தள்ளிப்போடுறது மட்டும்தான்."

சொல்லும்போது குரல் லேசாக இடறியது. அவள் விமானத்தை மட்டும் சொல்லவில்லை என்பது கடைசி வரிசைக்குப் புரிந்தது.

இயக்குநர் கண்ணாடியைத் தேடினார். முன்வரிசையில் யாரோ அவர் நெற்றியைச் சுட்டிக்காட்டினார்கள். கண்ணாடியை இறக்கி, ஓட்டையைப் பார்த்தார். கட்டியைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார்.

"ஒரு வருஷம். அதுக்கப்புறம் மறுபடி அளவு எடுப்போம். தேறினா அங்கயே இருக்கட்டும். கட்டி மாட்டுற வேலைக்கு ஆள்?"

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

கடல் தெளிந்த ஒரு காலையில் இருவரும் கட்டிகளோடு இறங்கினார்கள். விமானத்தின் மூக்கைத் தாண்டும்போதே குமிழியின் கை பழக்கதோஷத்தில் இடது மூலைக்கு நீண்டது. எழுத்துகளுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அங்கேயே மிதந்தது, எங்கே போவது என்று தெரியாமல்.

அண்ணி அவன் தோளைத் தட்டினாள். இரும்புத் தூரிகையை அவன் கையில் வைத்து, இயந்திரத்தின் தடித்த விளிம்பில் ஓரிடத்தைக் காட்டினாள். கட்டியின் கம்பி உலோகத்தை நேராகத் தொட வேண்டும். அந்த இடத்தைச் சுரண்டித்தான் ஆகவேண்டும். அவன் சுரண்டினான். காசளவு இடத்தை, ஆசை தீர, பளபளவென்று. பிறகு கட்டியை மாட்டி முறுக்கினான். வாழ்நாளில் முதல்முறையாக அன்று அவனுக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்தது. முகக்கண்ணாடிக்குள் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. கடல் கலங்கி, படகுகள் கட்டிக் கிடந்து, மறுபடி தெளிந்தது. கட்டிகளைப் பார்த்துவர அவன் மட்டும் இறங்கினான். அண்ணி படகில் காத்திருந்தாள், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி.

தலை மேலே வந்தது. வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

"அண்ணி! ஒரு எழுத்து காணோம்!"

"என்ன, காணோமா?"

"முதல் எழுத்து! மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இறுகிடுச்சு. நடுவுல பொத்தான் மாதிரி ஒரு சிப்பி, சட்டமா உட்கார்ந்திருக்கு. என்னையே முறைக்குது!"

"தொட்டுட்டியா?"

"சத்தியமா இல்ல! கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பார்த்தேன்." ஏணியைப் பிடித்துத் தொங்கியபடி சிரித்தான். அண்ணனுக்கு இருந்த அதே கோணல் சிரிப்பு. "ரெண்டாவது எழுத்தும் பாதி போயிடுச்சு அண்ணி. அடுத்த வருஷம் ஒண்ணுமே தெரியாது!"

அவள் துண்டை அவன் தலைமேல் எறிந்தாள்.

"நல்லது. மேல ஏறி வா, டீ ஆறுது."