நிறைந்த குழி

என் அக்கா அத்தாயிக்குப் பைத்தியம் பிடித்திருந்ததாக ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் வாயில் மண் விழ. அவளைப் பிடித்தது பைத்தியம் அல்ல, பயம். நாளைக்கு வயிற்றுக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். அதற்கு மந்திரவாதியைக் கூட்டிவந்து வேப்பிலையால் அடித்த புத்திசாலிகளும் எங்கள் ஊரில் இருந்தார்கள். அக்காவின் முதுகு வீங்கியதுதான் மிச்சம்.

புதுச்சத்திரத்துக்குத் தெற்கே எங்கள் வீடுகள். அக்கா தங்கை இருவரையும் அடுத்தடுத்த தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் அக்கா கைக்குழந்தைக்காரி. அவளுக்கே கஞ்சி இல்லை, பால் எங்கிருந்து வரும்? பிள்ளை அழுது அழுது, கடைசியில் அழவும் தெம்பில்லாமல் அவள் மடியிலேயே போய்ச் சேர்ந்தது.

மறுவருஷம் மழை வந்தது, காடு விளைந்தது, எல்லோரும் பஞ்சத்தை மறந்தார்கள். அக்காவால் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்தான், எழுந்துபோய்ப் பானையைத் திறந்து பார்ப்பாள். முந்தானையில் சோளம் முடிந்து வைத்திருப்பாள். தலைமாட்டில், கூரை இடுக்கில், எலிப் பொந்தில்கூடப் பிடி பிடியாக ஒளித்து வைப்பாள். யாராவது வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் புருஷன் செங்கோடன் மாமா ஒரு நாளும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பொறுமை எனக்கு இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் சோளத்தைத் தரைக்கடியில் குழி வெட்டிப் போட்டு வைப்பார்கள். வாய் ஓர் ஆள் நுழையும் அளவுதான். உள்ளே பானை வயிறுபோல அகன்று, ஆள் உயரத்துக்கு மேல் இறங்கும். சுற்றிலும் வைக்கோல் கொடுத்து, தானியத்தைக் கொட்டி, மேலேயும் வைக்கோல் திணித்து, கல்லால் மூடி மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கென்று வைப்பது, சும்மா திறக்க மாட்டார்கள். நன்றாக விளைந்த ஒரு வருஷம் மாமா வாசலிலேயே அப்படியொரு குழி வெட்டி நிரப்பினார். அக்கா பக்கத்திலிருந்து நகரவில்லை. மண் பூசி முடித்ததும் அதன்மேல் ஏறி நின்று, குதிகாலால் மிதித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, "பசிக்குதுங்க மாமா" என்றாள். களி உருண்டையை முழுசாகத் தின்றாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

மந்திரம் செய்யாததை அந்தக் குழி செய்தது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வீட்டில் தானியம் இருந்தால் புத்தி தெளியுமா என்று கேட்கிறார்கள். வயிறு காயாதவர்களுக்கு எல்லாமே வேடிக்கைதான். அக்கா தெளிந்தாள். தலை வாரிப் பூ வைத்தாள். என் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக் கதை சொன்னாள். தினமும் வாசல் பெருக்கும்போது குழிமேல் ஒரு மிதி மிதிப்பாள், அவ்வளவுதான்.

பிறகு சரக்கு விலையெல்லாம் படுத்துப்போன அந்தப் பாழாய்ப்போன வருஷம் வந்தது. நிலக்கடலையை வாங்க ஆளில்லை. நிலவரிக் கிஸ்தி கட்டாவிட்டால் உழவு மாட்டை ஜப்தி செய்வோம் என்று அமீனா சொல்லிவிட்டுப் போனான். நல்லவேளை, அப்போது அக்கா குளத்துக்குப் போயிருந்தாள். திருச்செங்கோட்டுத் தேருக்கு என்னோடு அவளை அனுப்பிவிட்டு, மாமா குழியைத் திறந்து சோளம் முழுவதையும் விற்றார். வெறும் குழி மிதித்தால் தெரிந்துவிடும் என்று வைக்கோலையும் பதரையும் இறுக்கித் திணித்து, பழையபடி கல்லை வைத்து மண் பூசினார். என்னிடம் மட்டும் சொன்னார். நான் சண்டைக்குப் போனேன்.

"மாட்டப் புடிச்சுட்டுப் போறத அவ கண்ணால பாத்தான்னா மறுக்கா அப்படியே ஆயிருவா சாமி" என்றார். "அடுத்த வெள்ளாமையில நெரப்பிப் போடறேன். அவளுக்குத் தெரியாமயே போயிரும்."

அடுத்த வெள்ளாமை காய்ந்தது. அதற்கடுத்ததும் காய்ந்தது. மாமா சேலத்துக்கு வாடகை வண்டி ஓட்டி, அந்தக் கூலிக்குச் சோளம் வாங்கி வருவார். "குழி நெறையா இருக்கறப்ப வெலைக்கு எதுக்குங்க வாங்கறீங்க?" என்று அக்கா கேட்பாள். "அது கெடக்கட்டும் புள்ள. பஞ்சத்துக்கு வேணும்" என்பார். வழியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லித் தன் பங்கையும் அவள் தட்டில் தள்ளுவார். அக்கா உடம்பு தேறத் தேற, மாமா உடம்பு இளைத்தது. அவள் மிதித்த குழியை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார்.

அன்றைக்கு மாமா சேந்தமங்கலம் சந்தைக்குப் பாரம் ஏற்றிப் போயிருந்தார். எங்கள் காட்டில் கூலிக்கு வரும் அங்காளம்மாள் பச்சைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவிடம் வந்திருக்கிறாள். "பாலு வத்திப் போச்சுங்க. கஞ்சிக்கு ஒரு படி சோளம் இருந்தாக் குடுங்க" என்றிருக்கிறாள். பழைய அக்காவாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள். சாத்தியிருக்கக் கூடாதா என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஆனால் அவள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அடுக்களைப் பானையில் இருந்ததோ ஒரு பிடி.

"பஞ்சத்துக்குத்தான வெச்சிருக்கறம். உன்ற புள்ளைக்கு இது பஞ்சமில்லாம வேற என்ன?" என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்திருக்கிறாள்.

மூடிக் கிடந்த குழிக்குள் மூச்சை அடைக்கும் கெட்ட ஆவி நிற்கும். பாதி தீர்ந்த குழியில் இறங்குவதானால் கயிற்றில் விளக்கைக் கட்டி விட்டுப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆனால் நிறைந்த குழிக்கு விளக்கு எதற்கு? வாயிலேயே தானியம் இருக்கும், குனிந்து அள்ளிக்கொள்ளலாம். அக்காவுக்கு அது நிறைந்த குழி.

வைக்கோலை எடுத்திருக்கிறாள். மேல் வைக்கோல்தானே என்று எடுத்திருக்கிறாள். குனிந்து கை எட்டுகிற மட்டும் எடுத்தும் வைக்கோலாகவே வந்திருக்கிறது. "எங்க மாமா நெறையத் திணிச்சிருக்காரு. சோளம் கீழதான் இருக்குது. நீ போயி கூடை எடுத்துட்டு வா" என்று அங்காளம்மாளை அனுப்பியிருக்கிறாள். அவள் ஊர்க்கோடியில் இருக்கும் தன் குடிசைக்குப் போய், பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் ஊட்டித் தூங்கவைத்துவிட்டுக் கூடையோடு திரும்பியபோது வாசலில் வைக்கோல் குவியல் இருந்தது. அக்கா இல்லை.

அங்காளம்மாளின் அலறலைக் கேட்டு நான் ஓடினேன். என் வீட்டுக்காரர் விளக்கைக் கட்டி இறக்கினார். பாதியிலேயே அணைந்தது. தண்ணீரை வாரி அடித்து, வேப்பங்கொப்பை உள்ளே விட்டு வீசி வீசி, ஆவி கலைந்த பிறகுதான் ஓர் ஆள் இறங்க முடிந்தது. மேலே கொண்டுவந்தபோது அக்காவுக்கு உயிர் இல்லை. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன், அடித்தேன், கூப்பிட்டேன். அவள் முகம் தூங்குகிற முகம் மாதிரி இருந்தது என்று யாரோ சொன்னார்கள். அவர்களை வெளியே போகச் சொன்னேன்.

பொழுது இறங்குகிற நேரத்தில் மாமா வந்தார். வைக்கோல் குவியலைப் பார்த்ததுமே மாட்டைக்கூட அவிழ்க்காமல் உள்ளே வந்தார். அழவில்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து, என்னை மட்டும் பார்த்தார்.

"சௌந்திரம், அவளுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"இல்லீங்க மாமா" என்றேன். "பாதி வைக்கோல்லயே ஆவி அடிச்சிருச்சு. அடியில சோளம் இருக்குதுன்னு நெனச்சுட்டேதானுங்க போயிருக்கறா."

"மெய்யாலுமா?"

"கோயில் அம்மன் மேல ஆணைங்க."

அப்போதுதான் மாமாவுக்கு அழுகை வந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் இன்னும் பல வருஷம் இருந்தார். உழுதார், விதைத்தார், களி தின்றார். யார் துக்கம் கேட்க வந்தாலும், "அவளுக்குத் தெரியாதுங்க, நிம்மதியாத்தான் போனா" என்பார். நான் ஆமாம் போடுவேன். அம்மன் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

அக்காவைக் குளிப்பாட்டியது நான். மாமா வருவதற்கு முன்பே, கதவைச் சாத்திக்கொண்டு, அவள் பத்து விரலையும் ஈர்க்குச்சியால் சுத்தம் செய்தேன். நகமெல்லாம் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. உள்ளே செம்மண். குழியின் அடி வரைக்கும் போய், அந்த அடித்தரையையும் பறித்துத் தேடியிருக்கிறாள்.