உப்புக் கரிக்காத கல்

துணி உலர்த்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்த ஷண்முகப்ரியாவின் கண்ணில், அடுப்பு மேடை மேலிருந்த இரும்பு உரல் பட்டது. உரலைச் சுற்றி வெள்ளைத் தூள் சிந்தியிருந்தது.

"என்னம்மா இடிச்சீங்க?"

"நீ கொண்டாந்த இந்துப்புதான் கண்ணு," என்றாள் ஜோதிமணி. "கோயமுத்தூர் நாட்டு மருந்துக் கடையில வாங்கியான்னு போன்ல சொன்னேனல்ல? பையில காகிதம் சுத்தி வெச்சிருந்தியே. நல்ல வெள்ளை. கைக்கு என்னா கனம்!"

கனம் என்ற சொல்லைக் கேட்டதும் ப்ரியா உரலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

இந்துப்பு வாங்க அவள் அடியோடு மறந்துபோயிருந்தாள். பையில் இருந்தவை வேறு. கனிமவியல் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. செய்முறைத் தேர்வில் பெயர் ஒட்டாத கற்களைக் கொடுத்து இது என்ன என்று கேட்பார்கள். வீட்டில் பழகிப் பார்க்கலாமென்று துறைத் தட்டிலிருந்து யாரிடமும் சொல்லாமல் இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து வந்திருந்தாள். ஒன்று பாறையுப்பு. அதுதான் இந்துப்பு, லேசாக இருக்கும். இன்னொன்று விதரைட். பேரியம் கலந்தது, எலி மருந்துக்கு ஆகும் கல். கையில் எடுத்தால் இழுக்கிற கனம்.

"இதை நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் அடுத்த தேர்வுக்கு வர மாட்டார்கள்" என்று பேராசிரியை சிரிக்காமல் சொன்ன கல்.

"அப்பாவுக்குக் குடுத்துட்டீங்களா?"

"இப்பத்தான் கஞ்சியில போட்டுக் குடுத்தேன். உப்பே இல்லைன்னாரு. இந்துப்பு அப்படித்தானுங்க, கரிக்காதுன்னு இன்னொரு ஸ்பூன் போட்டேன்."

"நீங்க வாயில வெச்சுப் பாக்கலையா?"

"கந்த சஷ்டி விரதமாச்சே. எப்படி வாயில வெக்கிறது?"

ப்ரியா அறைக்கு ஓடிப் பையைக் கவிழ்த்தாள். மிஞ்சியிருந்த கல் காகிதத்தோடு விழுந்தது. அம்மா லேசான கல்லைத்தான் எடுத்திருக்க வேண்டும், கனம் என்றது சும்மா வாய்ப்பேச்சாக இருக்க வேண்டும். முருகா, முருகா என்று மனசு அடித்துக்கொண்டது. நாக்கு நுனியால் கல்லைத் தொட்டாள்.

கரித்தது. சுத்தமான உப்பு. உரலில் இடிபட்டது விதரைட்.

வாசலில் அப்பா ஞானசேகரன் மப்ளர் சுற்றி வெயிலில் உட்கார்ந்திருந்தார். தேயிலை பாக்டரியில் கிளார்க். பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்தில் விழுந்து பாக்டரிக்குப் பூட்டுப் போட்ட பிறகு அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. இந்துப்புப் பேச்சு வந்ததே அதனால்தான்.

"ப்ரியா, வாயைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது," என்றார்.

"எந்திரிங்கப்பா!"

எழுந்தார். முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தார்.

ப்ரியா அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அங்கே வெள்ளியங்கிரி, தேயிலை லாரி டிரைவர். ஏற்ற இலை இல்லாமல் லாரி மாதக்கணக்கில் நின்று பேட்டரி செத்துப்போனதால், உருட்டிக் கிளப்ப வசதியாக அதைச் சரிவில்தான் நிறுத்தியிருந்தான்.

"என்னம்மணி, பாம்பா?"

"கல்லுங்கண்ணா!"

"கல்லைத் தின்னா செரிக்காதும்பாங்க. அதுக்கா லாரி?" என்றவன் ஞானசேகரனின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு அவரைத் தூக்கினான்.

லாரி உருண்டு, உறுமி, உயிர் பெற்றது. சோலூர்ப் பக்கத்திலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரி வரை வளைவுக்கு வளைவு பள்ளம். அதுவரை தாங்குமா? ப்ரியா கண்ணை மூடிப் படித்ததைத் தேடினாள். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் குடிக்கத் தரும் வெள்ளைக் குழம்பும் பேரியம்தான். ஆனால் அது சல்பேட். கரையாது, அதனால் கொல்லாது. அப்பா குடித்தது வயிற்று அமிலத்தில் கரையும். அதைச் சல்பேட்டாக மாற்றிவிட்டால்?

மெக்னீசியம் சல்பேட். தேயிலைச் செடிக்குத் தெளிப்பார்கள். பாக்டரி குடோனில் கிடக்கும். சாவி அப்பாவின் இடுப்பில்.

"அண்ணா, பாக்டரிகிட்ட நிறுத்துங்க!"

குடோனில் இரண்டு மூட்டைகள் வாய் பிளந்து நின்றன. ஒன்று மெக்னீசியம், ஒன்று வயிற்றை அரிக்கும் ஜிங்க். ஈரத்தில் எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. இரண்டிலும் ஒரே வெள்ளை, ஒரே ஊசிப் படிகம். போன பருவத் தேர்வில் இந்த இரண்டையும்தான் அவள் மாற்றி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டாள்.

வெளியே ஓடிவந்தாள். "அப்பா, மெக்னீசியம் எந்த மூட்டை?"

அவர் உதடு அசைந்தது. நாக்குப் புரளவில்லை.

திரும்பி ஓடினாள். வாயில் இன்னும் உப்பு ருசி. குழாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டு முதல் மூட்டையிலிருந்து ஒரு துளியை நாக்கில் வைத்தாள். கசந்தது. மறுபடி கொப்பளித்து இரண்டாவதை வைத்தாள். அதுவும் கசந்தது. பொறு, பொறு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இரண்டாவதில் நாக்கு இழுத்துச் சுருங்கியது, பழைய செப்புக் காசைச் சப்பினது மாதிரி. அது ஜிங்க். முதலாவதுதான்.

தண்ணீர் பாட்டிலில் கலக்கிக்கொண்டு லாரியில் ஏறினாள். உள்ளே கணவரைத் தாங்கியிருந்த ஜோதிமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் ஒரு வெள்ளைத் தூளா? வேண்டாஞ் சாமி! நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

ப்ரியா பிடித்த கையோடு பாட்டிலை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள். ஞானசேகரன் மகளைப் பார்த்தார். பிறகு மெல்ல வாயைத் திறந்தார்.

தலைகுந்தா தாண்டும்போது அவர் கை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி நழுவியது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தபடியே ஊட்டி வரை வந்தாள்.

"பேரியம் கார்பனேட் டாக்டர். கல்லை உப்புன்னு நினைச்சு..." ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே சொன்னாள். உரலிலிருந்து அள்ளி வந்த தூளையும் பாட்டிலையும் நீட்டினாள்.

சாயங்காலம் அந்தப் பெண் டாக்டர் வெளியே வந்தார். "பொட்டாசியம் ஏத்தியிருக்கோம். பொழைச்சுக்குவார். ஆனா செடிக்குத் தெளிக்கறதை மனுசன் வாயில ஊத்தறதா? மூட்டை மாறியிருந்தா?" என்று அதட்டினார். போகும்போது குரல் தணிந்தது. "வயித்துல இருந்ததுல முக்காவாசியை அதுதான் கட்டியிருக்கு."

ப்ரியா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். விரதம் இன்னும் முடியவில்லை. ஜோதிமணி ஒரு ஸ்பூன் எடுத்து, கணவர் வாயருகே கொண்டுபோனவள், அதைத் திருப்பித் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

"முருகன் கோவிச்சுக்க மாட்டானா?" ஞானசேகரனின் குரல் இன்னும் குழறியது.

"கோவிச்சுக்கட்டும்," என்றாள் ஜோதிமணி. சப்புக்கொட்டி, விழுங்கி, சற்று நேரம் காத்திருந்தாள்.

"உப்பு இருக்குதுங்க. குடிங்க."